பச்சையா, பழுப்பா? நிறக்குறைபாடு உள்ள மாடலர் காசை எதில் போடலாம்

பிளாஸ்டிக் கிட் வாங்கி டாங்கியும் விமானமும் கப்பலும் கட்டுகிறவர்களில் சிவப்பு-பச்சை குழம்புகிறவர்கள் வெளியில் தெரிவதைவிட அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு 8 பேர் வரை இந்தக் குறை உண்டு என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பெண்களில் 200 பேருக்கு ஒருவர்தான். இது பெரும்பாலும் ஆண்கள் புழங்கும் பொழுதுபோக்கு வேறு. கடலூர், புதுச்சேரி பக்கம் ரயில்வே வேலைக்கான மெடிக்கலில் புள்ளிப் படத்தை நீட்டும்போதுதான் பலருக்கு விஷயமே தெரியவரும். அதற்குள் அலமாரியில் நாலைந்து டாங்கி நின்றிருக்கும்.

எனக்கும் அதே கண்தான். கட்டுவதில் தொந்தரவு ஒன்றும் கிடையாது. வெட்டுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, ஒட்டுவது எல்லாம் விரல் வேலை. பெயின்ட் பாட்டிலைத் திறக்கும்போதுதான் வம்பு ஆரம்பிக்கும். அப்போது நம் முன்னால் இருக்கிற வழிகள் இவை: நிறம் காட்டும் என்று விற்கப்படும் கண்ணாடி, போன் ஆப் அல்லது கலர் மீட்டர், எண்ணை நம்பி வாங்கும் பெயின்ட், வீட்டில் யாராவது ஒருவரின் கண், கடைசியாக நிறப் பிரச்சினையே வராத கிட்டாகப் பார்த்துக் கட்டுவது. எல்லாவற்றுக்கும் செலவழிக்க யாராலும் முடியாது. என் தீர்ப்பு எண்ணுக்குத்தான். மற்றவை அதற்குக் கைத்துணை, கண்ணாடி அதுகூட இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எதையும் வாங்கும் முன் கண்ணை ஒருமுறை காட்டிவிடுங்கள். தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, ஜிப்மர் இருக்கிறது. ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்ட புள்ளிப் பட அட்டைகள்தான் இன்றைக்கும் முதல் சோதனை. குறை உண்டா இல்லையா என்பதோடு, புரோட்டான் வகையா (சிவப்பு உணரும் செல்லில் குறை) டியூட்டான் வகையா (பச்சை உணரும் செல்லில் குறை) என்பதையும் அது ஓரளவு காட்டிவிடும். மாடல் கட்டுகிறவருக்கு இந்த இரண்டாவது விவரம் முக்கியம். புதுச்சேரி போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். டியூட்டான் கண்ணுக்கு அந்தச் சிவப்பின் சாயல் குழம்பலாம், ஆனால் அதன் வெளிச்சம் மற்றவர்களுக்குத் தெரிகிற அளவுக்கே தெரியும். புரோட்டான் கண்ணுக்கு அது மங்கி, கருப்பை நோக்கிப் போய்விடும். அவர் அந்தத் தொப்பியைச் சின்ன பொம்மையில் தீட்டினால், 'இருட்டாக இருக்கிறதே' என்று மேலே மேலே வெளிச்சம் ஏற்றுவார். பார்க்கிறவர்களுக்கு அது டிராபிக் விளக்காக எரியும். அதனால் புரோட்டான்காரர் சிவப்பில் தன் கண்ணை நம்பி நிழலும் வெளிச்சமும் போடக் கூடாது. டியூட்டான்காரர் தைரியமாகப் போடலாம்.

முதலில் கண்ணாடியை முடித்துவிடுவோம், எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். என்குரோமா போன்ற கண்ணாடிகள் ஒளியில் குறிப்பிட்ட சில அலைநீளங்களை வெட்டிவிடும். சிவப்புக்கும் பச்சைக்கும் உரிய கூம்பு செல்கள் இரண்டும் சேர்ந்து பிடிக்கும் பகுதி அது. அங்கே ஒளியைக் குறைத்தால் இரண்டு செல்களின் பதிலும் கொஞ்சம் விலகும், சில நிறங்கள் பளிச்சென்று பிரியும். இதில் பொய் இல்லை. ஆனால் இல்லாத செல்லைக் கண்ணாடி கொண்டுவராது. ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் சோதித்துப் பார்த்து, இது நிறப்பார்வையைச் சரியாக்கவில்லை, பார்க்கும் விதத்தை மாற்றுகிறது, அவ்வளவுதான் என்று எழுதினார்கள். நம் மேஜைக்கு வந்தால் சிக்கல் இன்னும் கூடும். சில ஜோடிகள் பிரியும்போது வேறு சில ஜோடிகள் நெருங்கிவிடும். கண்ணாடி போட்டு ஒரு டப்பாவும் கழற்றி வைத்து இன்னொரு டப்பாவும் திறந்தால் நம்மிடம் இரண்டு கண் இருக்கும், இரண்டுக்கும் வேறு வேறு தப்பு. தவிர, அது வெயிலுக்குப் போடும் கூலிங் கிளாஸ் மாதிரி ஒளியைக் குறைக்கிறது. 1:35 அளவு, அதாவது நிஜத்தில் 35இல் ஒரு பங்கு உயரச் சிப்பாயின் சட்டைப் பொத்தானுக்குக் கலர் வைக்கும் நேரத்தில் அறையில் வெளிச்சம் கூட வேண்டுமே ஒழியக் குறையக் கூடாது. பல ஆயிரம் ரூபாய் அதற்குப் போவதைவிட, நல்ல எல்இடி விளக்குக்கும் பெயின்டுக்கும் போகட்டும். விளக்கு வாங்கும்போது சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது எண்.

ஜெர்மன் டாங்கியை வைத்துச் சொன்னால் புரியும், ஏனென்றால் நம் கண்ணுக்கு என்றே செய்த தண்டனை அது. 1943 பிப்ரவரியிலிருந்து ஜெர்மன் ராணுவ வண்டிகளுக்கு அடர் மஞ்சள் அடித்து, மேலே ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் திட்டுத்திட்டாகப் போட்டார்கள். எனக்கு அந்தப் பச்சையும் பழுப்பும் ஒரே சேறு. ஆனால் ஜெர்மானியர்களே ரால் (RAL) என்கிற தங்கள் நிறப் பட்டியலில் அதற்கு எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள்: பச்சை 6003, செம்பழுப்பு 8017. ரால் பட்டியலில் முதல் இலக்கமே நிறக் குடும்பம். 1 மஞ்சள், 2 ஆரஞ்சு, 3 சிவப்பு, 4 ஊதா, 5 நீலம், 6 பச்சை, 7 சாம்பல், 8 பழுப்பு, 9 வெள்ளையும் கருப்பும். 6 என்று ஆரம்பித்தால் பச்சை, 8 என்றால் பழுப்பு. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அடர் மஞ்சள் மட்டும் 7028 என்று சாம்பல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. அது ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

அமெரிக்க அரசின் நிறப் பட்டியலான ஃபெடரல் ஸ்டாண்டர்ட் 595 இன்னும் வசதி. ஐந்து இலக்கம். முதல் இலக்கம் பளபளப்பு: 1 என்றால் பளபள, 2 அரைப் பளபளப்பு, 3 மேட். இரண்டாவது இலக்கம் நிறம்: 0 பழுப்பு, 1 சிவப்பு, 2 ஆரஞ்சு, 3 மஞ்சள், 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல். வியட்நாம் போர்க்கால பேன்டம் விமானத்தின் முதுகுக்கு 34079, 34102, 30219 என்று மூன்று. முதல் இரண்டும் பச்சை, மூன்றாவது மணல் பழுப்பு. வயிற்றுக்கு 36622, சாம்பல். நிறம் தெரிகிற நண்பர்கள் அந்த இரண்டு பச்சையையும் குழப்பிக்கொண்டு நிற்பார்கள். எண் பார்த்து எடுக்கிற நமக்கு அந்தச் சிரமம் கிடையாது.

பெயின்ட் கம்பெனிகளின் சொந்த எண்ணில் இந்த அறிவு இருக்காது. டாமியாவின் எக்ஸ்எஃப்-61 கரும்பச்சை, எக்ஸ்எஃப்-62 ஆலிவ், எக்ஸ்எஃப்-63 ஜெர்மன் சாம்பல், எக்ஸ்எஃப்-64 செம்பழுப்பு. வெறும் வரிசை எண், குடும்பம் தெரியாது. ஆனாலும் டாமியா பக்கம் ஒரு நல்ல விஷயம் உண்டு. கிட்டோடு வரும் தாளில் கலவை தேவைப்படுகிற இடத்தில் எந்த எண்ணில் எத்தனை பங்கு என்று எழுதியே கொடுத்துவிடுவார்கள். வல்லேஹோ கம்பெனியின் பாட்டிலில் சொட்டு மூக்கு இருக்கிறது; சமையல் குறிப்பு மாதிரி சொட்டு எண்ணிக் கலக்கலாம். கண்ணால் 'இன்னும் கொஞ்சம்' என்று ஏற்றிக்கொண்டே போகிற கலவை நமக்கு ஆகாது. ஜாடியா சொட்டு பாட்டிலா என்று கேட்டால், ஏர்பிரஷ் வைத்திருப்பவருக்கு டாமியா, பிரஷ்ஷால் தீட்டுபவருக்கு வல்லேஹோ. இரண்டையும் பாதிப் பாதி வாங்கிச் சேர்ப்பதுதான் மோசம், எண் முறை இரண்டாகிவிடும்.

எண் காப்பாற்றுவது பாட்டில் வரைக்கும்தான். பெயின்ட் தட்டில் விழுந்த அடுத்த நொடி அது அநாதை. உலகத்தில் எந்தச் சொட்டும் தன் எண்ணைச் சொல்லாது. அதற்கு நான் வைத்திருக்கிற ஏற்பாடு ரொம்பச் சாதாரணமானது. குழி குழியாக இருக்கும் பீங்கான் தட்டு ஒன்று. ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் மாஸ்கிங் டேப் துண்டு, அதில் பென்சிலால் எண். எண்ணை எழுதிய பிறகுதான் மூடியைத் திறப்பது. மூடியின் தலையிலும் பாட்டிலின் வயிற்றிலும் அதே எண் மார்க்கரில் இருக்கும், ஏனென்றால் மூடிகள் மாறி உட்காரும். வெட் பேலட் என்கிற ஈரத்தட்டில் பெயின்டுகள் ஒன்றோடொன்று ஓடிக் கலப்பதை எல்லோரும் புகழ்வார்கள். நமக்கு அது வேண்டாம்.

இன்னொன்று, ஐஸ் குச்சி. வாங்குகிற ஒவ்வொரு பெயின்டையும் ஒரு ஐஸ் குச்சியில் வெள்ளை பிரைமர் அடித்து அதன் மேல் தீட்டி, பின்பக்கம் எண்ணையும் 'புல்', 'காப்பி', 'துரு' என்று ஒரு வார்த்தையையும் எழுதி, ஓட்டை போட்டு நூலில் கோத்துவைத்தால் சாவிக்கொத்து போல ஒரு நிறக்கொத்து கிடைக்கும். இது எதற்கு உதவும் என்பது போன் ஆப் பற்றிச் சொல்லும்போது வருகிறது.

மூன்று நிற உருமறைப்பு அடிக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு பாட்டில்தான் மேஜையில். அடர் மஞ்சள் முழுவதும் அடித்துக் காய்ந்ததும், பச்சை விழும் இடத்தைத் தவிர மற்றதை, பிறகு உரித்தெடுக்கும் மாஸ்கிங் பட்டி வைத்து மூடி, பச்சையை முடித்து, பாட்டிலை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் பழுப்பு. எங்கே எது என்பதற்கு கிட்டில் வரும் வண்ண அச்சுத் தாளை நம்பாதீர்கள். அதைக் கருப்பு-வெள்ளை ஜெராக்ஸ் எடுத்து, பச்சைத் திட்டுகளில் 'ப', பழுப்பில் 'கா' என்று எழுத்துப் போட்டுத் தரச் சொல்லி நிறம் தெரிந்த யாரிடமாவது ஒரே ஒருமுறை கொடுங்கள். அந்தக் காலத்துக் கிட்டுகளில் வண்ண அச்சு இல்லாமல் கோடும் புள்ளியுமாக நிரப்பி, பக்கத்தில் எழுத்துப் போட்டிருப்பார்கள். இன்றைய பளபளப்புத் தாளைவிட அதுவே நமக்கு உசத்தி.

இறக்குமதி பெயின்ட் விலைக்கு அஞ்சுகிறவர்கள் ஃபெவிக்ரில், கேமல் அக்ரிலிக்கில் சமாளிக்கலாமா என்று கேட்பார்கள். மண், மரம், சுவர் போன்ற தரைக்காட்சிக்குத் தாராளமாக. ராணுவ நிறத்துக்கு என்றால் நாமே கலக்க வேண்டிவரும், கலப்பதுதான் நமக்கு ஆகாத வேலை.

ஹார்டுவேர் கடை எனாமலை மட்டும் லேசாக நினைக்காதீர்கள். இந்தியத் தரநிலை ஐஎஸ் 5 என்று ஒன்று இருக்கிறது, ரெடிமேட் பெயின்டுகளின் நிறத்துக்கானது. அதிலும் பெரும்பாலும் முதல் இலக்கம் குடும்பத்தைச் சொல்லும்: 217 கடல் பச்சை, 220 ஆலிவ் பச்சை, 410 வெளிர் பழுப்பு, 537 சிக்னல் சிவப்பு, 538 போஸ்ட் ஆபீஸ் சிவப்பு, 632 அட்மிரால்டி அடர் சாம்பல். கடலூர் முதுநகர் துறைமுகத்திலோ தேவனாம்பட்டினத்திலோ நிற்கிற படகை மாடலாகச் செய்கிறவருக்கு இதுவே பொருத்தம், நிஜப் படகின் மேலும் எனாமல்தான் இருக்கிறது. கெட்டியாக இருக்கும், டர்பன்டைன் விட்டு இளக்க வேண்டும், காய ஒரு நாள் ஆகும், பளபளக்கும். படகுக்கு அதெல்லாம் குறையா என்ன? ஷேட் கார்டை வாங்கி வந்து, பெயர் அச்சிட்ட சின்னச் சதுரங்களை வீட்டு மேஜையில் வைத்துப் படித்துக்கொள்ளலாம். கடையில் நின்று கண்ணால் தேர்ந்தெடுக்காமல், பெயரை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

போன் ஆப்புக்கு வருவோம். கேமராவை நீட்டினால் நிறத்தின் பெயரைச் சொல்லும் ஆப்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐயில்கூட அந்த வசதி உண்டு. அவை சொல்லும் பெயரை அப்படியே நம்பினால் கெட்டோம். போன் கேமரா அறை வெளிச்சத்துக்கு ஏற்ப வெள்ளையைத் தானாக நகர்த்திக்கொண்டே இருக்கும். மஞ்சள் பல்புக்குக் கீழே ஒரு பெயர், ஜன்னலோரம் இன்னொரு பெயர். ஈரப் பெயின்ட் பளபளத்தால் மூன்றாவது பெயர். இங்கேதான் அந்த ஐஸ் குச்சிக் கொத்து. சந்தேகமான திட்டுக்குப் பக்கத்தில் 6003 குச்சியையும் 8017 குச்சியையும் வைத்து ஒரே படமாக எடுத்து, மூன்று இடத்தையும் ஆப்பில் தொட்டு, ஆப் காட்டும் சாயல் (hue) எண் எதற்கு நெருக்கம் என்று பாருங்கள். வெளிச்சம் எப்படித் திரிந்தாலும் மூன்றும் கிட்டத்தட்டச் சேர்ந்தே திரியும், அதனால் ஒப்பீடு தாங்கும். போனில் எனக்கு அதைவிடப் பிடித்தது கருப்பு-வெள்ளை மோடு. வாஷ் (பள்ளங்களில் இறங்கும் நீர்த்த கரும்பெயின்ட்) ஓட்டி, விளிம்புக்கு வெளிச்சம் ஏற்றிய பிறகு நிறத்தை நீக்கிப் பார்த்தால் நிழலும் வெளிச்சமும் போதுமா என்பது துல்லியமாகத் தெரியும். நிறம் முழுசாகத் தெரிகிறவர்களும் இதைச் செய்கிறார்கள். புரோட்டான்காரருக்கு இது கட்டாயம், சிவப்பின் உண்மையான வெளிச்சத்தை அவருக்குக் காட்டுவது இதுதான்.

நிக்ஸ் மாதிரி தனிக் கலர் மீட்டர்கள் இன்னும் நம்பகமானவை. தன் விளக்கைத் தானே எரித்து, வெளி வெளிச்சத்தை மறைத்து அளப்பதால் அறை விளக்கு தொந்தரவு செய்யாது, ரால் எண்ணையே நெருக்கமாகக் காட்டும். ஆனால் அதன் வாய் தட்டையான இடத்தில் பொருந்த வேண்டும். 1:72 விமானத்தின் வளைந்த முதுகில் உட்காராது. குச்சியை அளக்கலாம், லேபிள் கிழிந்த பழைய பாட்டிலை அடையாளம் காணலாம். நிறைய பழைய பெயின்ட் கைக்கு வந்து சேர்ந்தவருக்கு லாபம். மற்றவருக்கு அந்தக் காசில் இரண்டு கிட் வரும்.

அடுத்தவர் கண் இலவசம், ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். எங்கள் அக்காவிடம் ஒருமுறை டாங்கியின் பீரங்கிக் கோபுரத்தைக் காட்டி "இது என்ன கலர்க்கா?" என்றேன். திருப்பாதிரிப்புலியூர் ஜவுளிக்கடையில் புடவை பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மெஹந்தி பச்சைன்னும் சொல்லலாம், காப்பிப்பொடின்னும் சொல்லலாம்டா" என்றாள். அவள் சொன்னது சரியாகவே இருக்கலாம், எனக்குப் பயன்படவில்லை. 'என்ன கலர்' என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். 'இந்தக் குச்சியும் இந்த இடமும் ஒன்றா, வேறா?' என்று கேட்டால் யாரும் தடுமாற மாட்டார்கள். ஆகவே நான் கூப்பிடுவது மேட் வார்னிஷ் அடிப்பதற்கு முன்பு மட்டும். அதற்குப் பின் திருத்துவது பெரும்பாடு. (வார்னிஷ் என்றதும் ஒன்று: ஐப்பசி, கார்த்திகை மழைக் காற்றில் நம் கடற்கரைப் பக்கம் மேட் வார்னிஷ் பால் மாதிரி வெளுத்துப் போகும். அதற்கு நிறப்பார்வை காரணமில்லை, ஈரப்பதம். வெயில் நாளுக்குத் தள்ளிவையுங்கள்.) ஒவ்வொரு குழிக்கும் ஆளைக் கூப்பிட்டால் மூன்றாவது நாள் அவர்கள் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள்.

முகம் தீட்டும் விஷயத்தில் மட்டும் எல்லா வழியும் சறுக்கும். தோல் நிறத்துக்கு நாமாகக் கலந்தால் பச்சை சாயல் புகுந்து, சிப்பாய் வாந்திக்கு முன்பு இருப்பவர் போலத் தெரிவார். நம் கண்ணுக்குத் தெரியாது. அடிநிறம், நிழல், வெளிச்சம் என்று ஒரே பெட்டியில் எண் போட்டு வரும் தோல் நிற செட்டை வாங்கி, வரிசை மாறாமல் போடுவதுதான் பத்திரம். துருவும் பாசியும் அப்படித்தான். துருப்பொடிக் குப்பியும் பாசிப்பொடிக் குப்பியும் ஒரே அளவில் இருந்தால் ஒன்றுக்கு ரப்பர் பேண்ட் சுற்றிவையுங்கள். விரல் சொல்லிவிடும்.

மிச்சம் இருப்பது, நிறச் சிக்கல் வராத கிட்டாகத் தேடுவது. இதை விட்டுக்கொடுத்தல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலோகப் பளபளப்பிலேயே பறந்த மிக்-21இல் நமக்குக் குழம்ப என்ன இருக்கிறது? இந்திய விமானப்படை வட்டத்தின் காவியும் பச்சையும் டீகாலாக அச்சாகியே வருகிறது, நனைத்து ஒட்டினால் போதும். புதுச்சேரி வெள்ளை நகரத்து வீட்டை அட்டையில் செய்கிறீர்களா, கடுகு மஞ்சளும் வெள்ளையும் நம் கண்ணுக்குத் தெளிவு. அரவிந்தர் ஆசிரமக் கட்டடங்களோ சாம்பலும் வெள்ளையும்.

யாருக்கு எது என்று கேட்டால், டாங்கிப் பைத்தியத்துக்கு ஒரே கம்பெனி பெயின்ட் செட்டும் ஐஸ் குச்சியும், விளக்கும். படகும் வீடும் செய்கிறவருக்கு ஹார்டுவேர் கடை எனாமலும் ஷேட் கார்டும். மீட்டர் வாங்க ஆசைப்படுகிறவர் இவை இரண்டும் வந்த பிறகு யோசிக்கலாம். இப்போதுதான் பள்ளி மெடிக்கல் கேம்பில் விஷயம் தெரிந்து சோர்ந்திருக்கும் பையனுக்கு வாங்கித் தருவதென்றால் 1:700 வாட்டர்லைன் போர்க்கப்பல் ஒன்று வாங்குங்கள். டாமியா, ஹசேகாவா, ஆவோஷிமா, ஃபூஜிமி நாலும் சேர்ந்து 1971இல் தொடங்கிய வரிசை. கப்பலின் நீர்மட்டத்துக்கு மேல் உள்ள பாதி மட்டும் வரும், அதனால் அடிப்பகுதியின் சிவப்புப் பரப்பு பற்றிய கவலை அநேகமாக இல்லை. ஜப்பானியக் குரூசரோ டெஸ்ட்ராயரோ என்றால் உடம்புக்கு டாமியாவின் எக்ஸ்எஃப்-75 அல்லது 77 சாம்பல், தளத்துக்கு எக்ஸ்எஃப்-79 லினோலிய பழுப்பு. சாம்பல் வெளிர், பழுப்பு அடர்த்தி. வெளிச்சத்தை வைத்தே பிரித்துவிடுவான். இரண்டு மூடியிலும் எண்ணை அவனையே எழுதச் சொல்லுங்கள்.